தேயிலை மன்னர் தாமஸ் லிப்டன்

காலையில் கண் விழித்ததும் நமக்கு டீ வேண்டும். கடைக்குப் போகிறோம். தேயிலைப் பொட்டலம் வாங்குகிறோம். பொட்டலத்தின் மேல் ஒரு பெயர் அச்சிட்டிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறோம். உள்ளே இருக்கும் தூள் எந்த மலையில் விளைந்தது? யார் பறித்தது? இதை யாரும் கேட்பதில்லை.

பெயரைப் பார்த்துத் தேயிலை வாங்கும் இந்தப் பழக்கத்தை உலகத்துக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர் ஒருவர் உண்டு. அவர் தேயிலை விவசாயி அல்லர். மளிகைக் கடைக்காரர். நாற்பது வயது வரை வெண்ணெயும் முட்டையும் பன்றி இறைச்சியும் விற்றவர். அதன் பிறகுதான் தேயிலையைத் தொட்டார். தொட்டதும் கோடீசுவரர் ஆனார்!

அவர்தான் சர் தாமஸ் லிப்டன்.

அவருடைய கதை நமக்கு அந்நியக் கதை அல்ல. அவர் விற்ற தேயிலையைப் பறித்த கைகள் தமிழ்க் கைகள். அந்தக் கதையும் இதற்குள்ளே இருக்கிறது.

பஞ்சம் பிழைக்க வந்தவர்கள்

அயர்லாந்து நாட்டில் 1845-ம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அந்த நாட்டு ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் சோறு. பயிர் அழிந்தது. பெரும் பஞ்சம் வந்தது. லட்சக் கணக்கானவர்கள் மாண்டனர். லட்சக் கணக்கானவர்கள் ஊரை விட்டு ஓடினர். அப்படி ஓடி வந்த குடும்பங்களில் ஒன்று லிப்டன் குடும்பம். அவர்கள் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்கு வந்து சேர்ந்தனர்.

அங்கே 1848-ல் தாமஸ் பிறந்தான். உடன் பிறந்தவர்கள் எல்லோரும் இளமையிலேயே இறந்து விட்டனர். மிஞ்சியவன் இவன் ஒருவன்தான். தாய்க்கு இவன் மேல் உயிர். இவனுக்கும் தாய்தான் தெய்வம். கடைசி வரை அவர் திருமணமே செய்து கொள்ளவில்லை.

தந்தை தொழிலாளி. பிறகு ஒரு சின்னஞ்சிறு கடை வைத்தார். வெண்ணெய், முட்டை, உப்பிட்ட பன்றி இறைச்சி. அவ்வளவுதான் சரக்கு. இந்தச் சரக்கு அயர்லாந்திலிருந்து கப்பலில் வரும். கப்பல் வந்ததும் சிறுவன் தாமஸ் தள்ளுவண்டியுடன் துறைமுகத்துக்குப் போவான். மூட்டைகளை ஏற்றிக் கடைக்குத் தள்ளி வருவான்.

அந்தத் தள்ளுவண்டிதான் அவனுக்குப் பள்ளிக்கூடம் என்று சொல்ல வேண்டும். அயர்லாந்து விவசாயி முட்டையை ஒரு விலைக்கு விற்கிறான். தரகர் வாங்குகிறார். மொத்த வியாபாரி வாங்குகிறார். கடைக்காரர் வாங்குகிறார். கடைசியில் கிளாஸ்கோ வீட்டுக்காரி வாங்குகிறாள். முட்டை ஒன்றுதான். கை மாறும் போதெல்லாம் விலை ஏறுகிறது. நடுவில் இருக்கும் கைகளைக் குறைத்தால் என்ன? லிப்டனின் வியாபாரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கி விட்டது.

இப்படிப் பல கைகள் மாறி, பல நாடுகள் கடந்து ஒரு பொருள் உருவாகி விலை ஏறுவதை இன்று பொருளாதார நூல்களில் உலக மதிப்புச் சங்கிலி என்று எழுதுகிறார்கள். பெயர் புதிது. சங்கிலி பழையது.

அமெரிக்காவில் கற்ற பாடம்

பத்து வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளிலேயே தாமஸ் படிப்பை நிறுத்தினான். காகிதக் கடையில் எடுபிடி வேலை. சட்டைக் கம்பெனியில் துணி மாதிரி வெட்டும் வேலை. பிறகு கிளாஸ்கோவுக்கும் அயர்லாந்தின் பெல்பாஸ்டுக்கும் இடையே ஓடிய கப்பலில் பணியாள். கப்பலில் பயணிகள் சொன்ன அமெரிக்கக் கதைகள் அவனை மயக்கின. சேர்த்த பணத்தைக் கொடுத்து டிக்கெட் வாங்கி அமெரிக்காவுக்குப் போனான்.

அங்கே வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் உழைத்தான். தெற்குக் கரோலினாவில் நெல் வயலில் வேலை பார்த்தான். கடைசியாக நியூயார்க்கில் ஒரு பெரிய கடையின் மளிகைப் பிரிவில் சேர்ந்தான். அங்கேதான் அவன் கண் திறந்தது.

கிளாஸ்கோவில் கடை என்றால் இருட்டு அறை. அழுக்குப் பலகை. சிடுசிடுக்கும் கடைக்காரர். நியூயார்க்கிலோ பளிச்சென்ற விளக்கு. கண்ணைப் பறிக்கும் அடுக்கு. வருகிறவர்களுக்குச் சிரித்த முகத்துடன் வரவேற்பு. பத்திரிகையில் விளம்பரம். சரக்கு மட்டும் இருந்தால் போதாது, அதைத் தேடி ஆள் வரும்படி செய்ய வேண்டும் என்பதை அவர் அங்கே கற்றார்.

ஐந்து ஆண்டுகளுக்குள் ஊர் திரும்பினார். கையில் கொஞ்சம் பணம். தாய்க்கு ஒரு ஆட்ட நாற்காலியும் ஒரு பீப்பாய் மாவும் கொண்டு வந்தார் என்று சொல்வார்கள்.

பன்றி ஊர்வலம்!

1871-ல் கிளாஸ்கோவில் ஸ்டாப்கிராஸ் தெருவில் லிப்டன் சொந்தக் கடை திறந்தார். அப்போது அவருக்கு வயது 23. கடையைக் கழுவித் துடைத்துப் பளபளக்க வைத்தார். வெள்ளை மேலங்கி அணிந்து தாமே விற்றார். அயர்லாந்து விவசாயிகளிடம் நேரடியாகச் சரக்கு வாங்கினார். மற்றக் கடைகளை விடக் குறைந்த விலை. ரொக்கம் மட்டும். கடன் கிடையாது.

விளம்பரத்தில் அவர் செய்த வேடிக்கைகள் ஊரைச் சிரிக்க வைத்தன. கொழுத்த பன்றிகளைக் குளிப்பாட்டி, ரிப்பன் கட்டித் தெருவில் ஊர்வலம் விட்டார். அவை லிப்டன் கடைக்குப் போகின்றன என்று ஒரு கொடியும் கூடவே போயிற்று. கடை வாசலில் இரண்டு கண்ணாடிகள் மாட்டினார். உள்ளே போகும் போது பார்த்தால் ஆள் ஒல்லியாகத் தெரிவார். வெளியே வரும் போது பார்த்தால் குண்டாகத் தெரிவார்! லிப்டன் கடைச் சாப்பாட்டின் மகிமை!

1881-ல் கிறிஸ்துமஸ் வந்தது. அமெரிக்காவில் ஒரு ராட்சதப் பாலாடைக் கட்டி செய்யச் சொல்லிக் கப்பலில் வரவழைத்தார். துறைமுகத்திலிருந்து கடை வரை மக்கள் திரண்டு வேடிக்கை பார்த்தனர். கட்டிக்குள்ளே தங்கப் பவுன் காசுகளைப் புதைத்து வைத்தார். யார் வாங்கும் துண்டில் தங்கம் இருக்குமோ? கூட்டத்தை அடக்கப் போலீசார் வர வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் முழுக் கட்டியும் விற்றுத் தீர்ந்தது.

கடைகள் பெருகின. ஒன்று இரண்டாயிற்று. இரண்டு இருபதாயிற்று. 1888-ல் பிரிட்டன் முழுவதும் சுமார் 300 கடைகள்! இத்தனை கடைகளுக்கும் சரக்கு வேண்டுமே? அமெரிக்காவில் சிக்காகோ, ஒமாஹா நகரங்களில் இறைச்சி பதனிடும் ஆலைகளையே நடத்தினார். தள்ளுவண்டிச் சிறுவனின் யோசனைதான். அளவுதான் கடலளவு ஆகி விட்டது.

தேயிலை வந்தது

1880-களில் லண்டன் தேயிலைத் தரகர்களுக்கு ஒரு எண்ணம் தோன்றியது. லிப்டனுக்கு இத்தனை கடைகள் இருக்கின்றன. தேயிலையையும் அவர் விற்றால் எவ்வளவு விற்கும்! அவரிடம் வந்து பேசினார்கள். அவர் கணக்குப் பார்த்தார்.

அந்தக் காலத்து பிரிட்டனில் நல்ல தேயிலை ஒரு ராத்தல் இரண்டரை, மூன்று ஷில்லிங் விற்றது. ஏழைக்கு எட்டாத விலை. மேலும், கடைக்காரர் பெட்டியைத் திறந்து சில்லறையாக நிறுத்துக் கொடுப்பார். நிறை சரியாக இருக்காது. கலப்படமும் உண்டு. இன்று வாங்கிய ருசி நாளை இருக்காது.

லிப்டன் தரகரை ஒதுக்கி விட்டுத் தாமே மொத்தமாக வாங்கினார். தாமே கலந்தார். ஒரு ராத்தல் 1 ஷில்லிங் 7 பென்ஸ் என்று விலை வைத்தார். ஒரு ஷில்லிங் என்பது 12 பென்ஸ். கிட்டத்தட்டப் பாதி விலை! ஒரு ராத்தல், அரை ராத்தல், கால் ராத்தல் என்று வண்ணப் பொட்டலங்களில் அடைத்தார். பொட்டலத்தின் மேல் தம் பெயரை அச்சிட்டார். பிரித்தால்தான் உள்ளே கை வைக்க முடியும். நிறை குறையாது. கலப்படம் இராது. எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே தரம்.

இன்னொரு தந்திரமும் செய்தார். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும். தண்ணீர் மாறினால் டீயின் ருசி மாறும். ஆகவே அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்றபடி தேயிலையைக் கலந்து, இது உங்கள் ஊருக்கென்றே செய்தது என்று விளம்பரம் செய்தார். கேட்டவர்களுக்கு உச்சி குளிர்ந்தது.

1890-ல் பிரிட்டிஷ் சர்க்கார் தேயிலை வரியை ராத்தலுக்கு 6 பென்ஸிலிருந்து 4 பென்ஸாகக் குறைத்தது. அதிர்ஷ்டமும் அவர் பக்கம் நின்றது.

மலை மேல் வாங்கிய தோட்டம்

நடுவில் இருக்கும் கைகளைக் குறைப்பதுதானே அவருடைய கொள்கை? தேயிலையிலும் கடைசிக் கை வரை போய் விட முடிவு செய்தார். 1890-ல் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்.

இலங்கை மலைநாட்டில் அதற்கு முன் காப்பிதான் விளைந்தது. 1869-ல் காப்பி இலையில் துரு நோய் பரவியது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. துரைமார்கள் பலர் திவாலானார்கள். தோட்டங்கள் மலிவு விலைக்கு வந்தன. காப்பி இருந்த இடத்தில் தேயிலையை நடத் தொடங்கினார்கள். அதற்கு வழி காட்டியவர் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1867-லேயே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டுக் காட்டியவர்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இலங்கையில் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்ட டெய்லர், தோட்ட நிர்வாக வேலையிலிருந்து 1892-ல் நீக்கப்பட்டார். அதே ஆண்டில் வயிற்றுப் போக்கு நோயால் இறந்தார். வளர்த்தவர் பெயர் மலைநாட்டோடு நின்று விட்டது. விற்றவர் பெயர் உலகம் எங்கும் போயிற்று.

லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தம்பதென்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். தம்பதென்னையில் 1890-ல் தேயிலை ஆலை கட்டப்பட்டது. செங்குத்தான மலை. மேலே பறித்த கொழுந்தைக் கீழே ஆலைக்குக் கொண்டு வரக் கம்பி வடம் கட்டினார்கள். மூட்டைகள் அந்தரத்தில் சறுக்கிக் கொண்டே இறங்கின. 1890-களில் ரயிலும் ஹப்புத்தளைக்கு வந்து சேர்ந்தது.

தம் தோட்டத்திலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று அவர் விளம்பரம் செய்தார். உண்மை என்ன தெரியுமா? அவர் விற்ற தேயிலையில் அவருடைய தோட்டங்களில் விளைந்தது சிறு பகுதிதான். பெரும் பகுதியை மற்ற வியாபாரிகளைப் போல ஏலத்தில்தான் வாங்கினார். 1883-லிருந்து கொழும்பிலேயே தேயிலை ஏலம் நடந்து வந்தது. ஆனால் தோட்டமும், மலையும், கூடை சுமந்த பெண்ணும் விளம்பரப் படத்தில் இருந்தால் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை பிறக்கிறது. தோட்டம் வாங்கியதில் அவருக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஒரு ராத்தல் தேயிலையின் பயணம்

அந்தத் தேயிலை எப்படிப் பயணம் செய்தது என்று பார்ப்போம்.

விடியும் முன்னே தோட்டத்தில் தப்பு ஒலிக்கும். தொழிலாளிகள் பெரட்டுக் களத்தில் வந்து நிற்பார்கள். அங்கே பெயர் பதிவாகும். பெண்கள் கூடையை முதுகில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக் கொண்டு மலை ஏறுவார்கள். இரண்டு இலை, ஒரு கொழுந்து. அவ்வளவுதான் கிள்ள வேண்டும். முற்றல் சேர்ந்தால் ஏச்சு விழும். ஒரு ராத்தல் தேயிலைத் தூளுக்கு நாலு, நாலரை ராத்தல் பச்சைக் கொழுந்து வேண்டும். விரலால் கிள்ளிக் கிள்ளிச் சேர்க்க வேண்டும்.

கணக்கப்பிள்ளை நிறுத்துக் கணக்கு எழுதுவார். கொழுந்து ஆலைக்குப் போகும். அங்கே பரப்பி வாட்டுவார்கள். உருளையில் கசக்குவார்கள். புளிக்க விடுவார்கள். அனலில் உலர்த்துவார்கள். சலித்துத் தரம் பிரிப்பார்கள். பச்சை இலை கறுப்புத் தூளாகி விடும். மரப் பெட்டியில் அடைபட்டுக் கொழும்புக்குப் போகும். கப்பல் ஏறும். 1869-ல் திறந்த சூயஸ் கால்வாய் வழியாக லண்டன் போய்ச் சேரும். அங்கே ருசி பார்க்கும் நிபுணர்கள் வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் தரம் சொல்வார்கள். பல தோட்டத்துத் தூள்களைக் கலப்பார்கள். லண்டன் சிட்டி ரோட்டில் இருந்த லிப்டனின் தலைமை இடத்தில் பொட்டலம் கட்டுவார்கள். பெயர் ஒட்டுவார்கள். அங்கிருந்து கடைகளுக்கு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோட்டத்தில் செய்யும் வேலையை ஆயிரம் தோட்டங்கள் செய்தன. ஒரு தோட்டத்துத் தூள் இல்லாவிட்டால் இன்னொரு தோட்டத்துத் தூள். கொழும்பில் விலை சரிந்தால் வாங்குகிறவருக்கு லாபம். விற்கிறவருக்கு நஷ்டம். ஆனால் கலவையின் ரகசியமும் பொட்டலத்தின் பெயரும் ஒருவரிடம்தான் இருந்தன. அதை யாரும் மாற்ற முடியாது. எனவே பணம் எங்கே தங்கும்? மலையில் தங்கவில்லை. பெயர் இருந்த இடத்தில் தங்கியது.

கூடை சுமந்த கைகள்

இனி மலையில் இருந்தவர்களைப் பார்ப்போம்.

திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, இராமநாதபுரம், புதுக்கோட்டை. இந்தப் பகுதிகளிலிருந்து போனவர்கள் அவர்கள். மழை பொய்த்தது. பஞ்சம் வாட்டியது. கடன் கழுத்தை நெரித்தது. பலருக்குச் சாதிக் கொடுமையும் சேர்ந்து கொண்டது. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்தார். தேங்காய்க்கும் மாசிக்கும் பஞ்சம் இல்லாத ஊர் என்று ஆசை காட்டினார். குடும்பம் குடும்பமாகக் கிளம்பினர். தொடக்க காலத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாகப் பல நாள் நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். பிறகு தூத்துக்குடியிலிருந்து கப்பல் வந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பின், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று வசதி ஏற்பட்டது.

அயர்லாந்தில் பஞ்சம் வந்து லிப்டனின் பெற்றோர் கடல் கடந்தனர். தமிழ்நாட்டில் பஞ்சம் வந்து இவர்கள் கடல் கடந்தனர். இருவரையும் விரட்டியது பசிதான். ஆனால் கிளாஸ்கோவுக்குப் போனவர்கள் விரும்பினால் கடை வைக்கலாம். விரும்பினால் வேறு வேலை தேடலாம். மலைக்குப் போனவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது.

எப்படி அடைபட்டது? வழிச் செலவு, கங்காணி கொடுத்த முன்பணம், தோட்டத்தில் கொடுத்த அரிசி எல்லாம் கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். அந்தச் சீட்டில் கடன் தொகை எழுதியிருக்கும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் போகலாம். ஆளோடு கடனும் போகும்! 1921-ல்தான் இந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. 1927-ல் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்தது. அதிலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதை விடக் குறைந்த கூலி. கொழுந்து கிள்ளியவர்களோ பெரும்பாலும் பெண்கள்!

காப்பிக்கு அறுவடைக் காலம் உண்டு. வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பி விடலாம். தேயிலை அப்படி இல்லை. ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் மலையிலேயே தங்கி விட்டன. வரிசையாகக் கட்டிய லயங்களில், ஒரு குடும்பத்துக்கு ஒரு சிறு அறை. அங்கேயே பிறப்பு, அங்கேயே கல்யாணம், அங்கேயே சாவு.

லிப்டன் தோட்டத்தில் மட்டும் இப்படி என்று சொல்வது நியாயம் ஆகாது. எல்லாத் தோட்டங்களிலும் இதே வழக்கம்தான். லிப்டன் கொடுமைக்காரர் என்று பெயர் எடுத்தவரும் அல்லர். லண்டனில் ஏழைகளுக்கு விருந்து வைத்தவர். ஆனால் கிளாஸ்கோ வீட்டுக்காரிக்கு டீ பாதி விலையில் கிடைத்ததற்கு அவருடைய சாமர்த்தியம் ஒரு காரணம் என்றால், கூடைக்காரியின் குறைந்த கூலி இன்னொரு காரணம். அவருடைய விளம்பரப் படங்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் இருந்தது. உலகம் முழுவதும் அவளைப் பார்த்தது. அவள் பெயரை யாரும் கேட்கவில்லை.

பட்டமும் படகும்

லிப்டனின் புகழ் உச்சிக்குப் போயிற்று. 1889-ல் தாய் இறந்தார். அடுத்த ஆண்டு தந்தையும் இறந்தார். அவருக்கு வியாபாரமே குடும்பம் ஆயிற்று. 1897-ல் விக்டோரியா ராணியின் வைர விழா. லண்டன் ஏழைகளுக்கு விருந்து வைக்க இளவரசர் மனைவி நிதி திரட்டினார். லிப்டன் 25 ஆயிரம் பவுன் கொடுத்தார். அடுத்த ஆண்டு 'சர்' பட்டம் கிடைத்தது. அதே 1898-ல் கம்பெனிப் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார். மூலதனம் 25 லட்சம் பவுன். பங்கு கேட்டு வந்த மனுக்கள் அதைப் போல் பல மடங்கு!

அதற்குப் பிறகு படகுப் போட்டியில் பைத்தியம் பிடித்தது. அமெரிக்கக் கோப்பை என்ற பெரிய பாய்மரப் போட்டி. 1899, 1901, 1903, 1920, 1930. ஐந்து முறை ஐந்து படகுகளுடன் போனார். ஐந்துக்கும் ஷாம்ராக் என்று பெயர். ஐந்து முறையும் தோற்றார். ஆனால் தோற்கும் போதெல்லாம் சிரித்தார். அமெரிக்கர்களுக்கு அவரை மிகவும் பிடித்து விட்டது. 1930-ல் பொதுமக்கள் பணம் சேர்த்து அவருக்கு ஒரு தங்கக் கோப்பையே பரிசளித்தனர். போட்டியில் கோப்பை போனால் என்ன? அமெரிக்கா முழுவதும் அவர் பெயர் பரவியது. தேயிலையும் கூடவே போயிற்று. நஷ்டக் கணக்கு எழுதத் தெரியாதவரா அவர்?

லண்டன் பெரிய இடத்துக்காரர்களுக்கு மட்டும் அவர் கடைசி வரை மளிகைக்காரர்தான். மன்னர் ஏழாம் எட்வர்டின் நண்பராக இருந்தும், பிரபுக்களின் படகுச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக் கொள்ளவில்லை. 1931-ல்தான் சேர்த்தது. அப்போது அவருக்கு வயது 80-க்கு மேல்.

முதுமையில் வியாபாரமும் தளர்ந்தது. 1920-களில் கம்பெனி லாபம் குறைந்தது. பங்குதாரர்கள் முணுமுணுத்தனர். அவர் தம் பங்குகளை விற்று விட்டுத் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். 1931 அக்டோபர் 2-ந் தேதி லண்டன் இல்லத்தில் காலமானார். கிளாஸ்கோவில் தாய் தந்தையர் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தனர். சொத்தில் பெரும் பகுதியை அந்த நகரத்து ஏழைகளுக்கு எழுதி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு

பெயர் மட்டும் சாகவில்லை. கை மாறிக் கொண்டே போயிற்று. பல ஆண்டுகள் யூனிலீவர் என்ற பெரிய நிறுவனத்திடம் இருந்தது. 2022-ல் அந்த நிறுவனம் லிப்டன் உள்ளிட்ட தேயிலை வியாபாரத்தை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. விலை 450 கோடி யூரோ! இந்தியா முதலிய சில நாடுகளின் தேயிலை வியாபாரம் அதில் சேரவில்லை.

மலையில் இருந்தவர்கள் கதை வேறு விதமாகப் போயிற்று. 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964-ல் பிரதமர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் செய்தனர். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தனர். மீதம் இருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பற்றி 1974-ல் இன்னொரு ஒப்பந்தம். போகிறவர்களிடம் போகச் சம்மதமா என்று சரியாகக் கேட்கவே இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் அவர்களுடைய குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. இலங்கையில் மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமைப் பிரச்சினை 2003-ல் வந்த சட்டத்தால்தான் பெரும்பாலும் தீர்ந்தது. தோட்டங்களை 1975-ல் அரசு எடுத்துக் கொண்டது. 1992-ல் நிர்வாகத்தை மறுபடி தனியாரிடம் கொடுத்தது.

லிப்டன் கற்ற பாடத்தை இலங்கைக்காரர் ஒருவரும் கற்றார். மெரில் பெர்னாண்டோ என்பவர் 1950-களில் லண்டனுக்குப் போய்த் தேயிலை ருசி பார்க்கும் தொழிலைப் பயின்றார். தம் நாட்டுத் தேயிலை அங்கே வேறு நாட்டுத் தூளோடு கலந்து, வேறு பெயரில் விலை ஏறுவதைக் கண்ணால் பார்த்தார். முப்பது ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1980-களில் இலங்கையிலேயே கலந்து, இலங்கையிலேயே பொட்டலம் கட்டி, தம் இரு மகன்களின் பெயரைச் சேர்த்து 'தில்மா' என்று பெயரிட்டு ஆஸ்திரேலியாவில் விற்றார். பல நாடுகளில் அந்தப் பெயர் நிலைத்து விட்டது. அவர் 2023-ல் காலமானார். பெயரும் பொட்டலமும் மலைக்கு இந்தப் பக்கம் வந்தால் லாபமும் இந்த நாட்டில் தங்கும் என்று அவர் காட்டினார். அதில் கூடைக்காரிக்கு எவ்வளவு என்ற கணக்கை மட்டும் தோட்டத் தொழிற்சங்கங்கள் இன்னும் கேட்டுக் கொண்டே இருக்கின்றன.

தம்பதென்னை ஆலை இன்றும் ஓடுகிறது. அங்கிருந்து மேலே ஏறினால் ஆறாயிரம் அடிக்கு மேல் உயரத்தில் ஒரு மலை முகடு. லிப்டன் இருக்கை என்று பெயர். அங்கே உட்கார்ந்துதான் அவர் தம் தோட்டங்களைப் பார்ப்பாராம். அந்த இடத்தில் அவருக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். உல்லாசப் பயணிகள் விடியற்காலையில் வண்டி ஏறி வந்து, சிலை பக்கத்தில் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். வெயில் ஏறியதும் பனி விலகும். கீழே சரிவில் பெண்கள் நிரையாக நின்று கொழுந்து கிள்ளுவது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.